கடைசி மேசை வேட்பாளர்

ஜூன் 27, திங்கள்

தினமும் நாலு வரி ஆங்கிலத்தில் டைரி எழுத வேண்டும் என்று பிரிஸ்கா டீச்சர் சொல்லிவிட்டார். 'டுடே ஐ காட் அப் அட் ஃபைவ்' என்று எழுதினேன். 'ஐ மேட் இட்லி' என்று எழுதினேன். அதற்குப் பிறகு மனசில் வந்ததெல்லாம் தமிழிலேயே வந்தது. இனிமேல் தமிழ்தான். டீச்சர் கேட்டால் முதல் இரண்டு வரியைக் காட்டிக்கொள்ளலாம்.

எங்கள் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடப்பது கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். சென்னையில் இருக்கும் ஒரு டிரஸ்ட் பெண்களுக்காக இலவசமாக நடத்துகிறது. முகூர்த்தம் இல்லாத நாட்களில் மட்டும் வகுப்பு. மொத்தம் முப்பது பேர், நான்கு நீள மேசை. ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் முதல் மேசையில் பத்துப் பேர், எல்லாரும் ஆபீசர் வீட்டு அம்மாக்கள். அடுத்ததில் தையல்காரப் பெண்கள் ஏழு பேர். மூன்றாவதில் கடலைமிட்டாய்க் கம்பெனிக்கு மத்தியான ஷிப்ட் போகிற நான்கு பேர். கடைசி மேசை கைகழுவும் தொட்டியை ஒட்டியது. வீட்டு வேலையை முடித்துவிட்டு மூச்சிரைக்க ஓடி வரும் ஒன்பது பேருக்கு அது. நானும் அதில்தான்.

சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் வகுப்பில் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. என் பெயர் செண்பகவல்லி என்பதைக்கூடப் பக்கத்தில் உட்காரும் ராஜாத்திதான் டீச்சரிடம் சொன்னாள். இங்கே இவ்வளவு வக்கணையாக எழுதுகிறேன், அங்கே போனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆனாலும் எனக்கு அந்த வகுப்பு பிடித்திருக்கிறது. ஒரு நாளில் எனக்கென்று இருக்கிற பொழுது அது ஒன்றுதான்.

ஜூன் 29, புதன்

முகூர்த்தம். வகுப்பு இல்லை. மாவு அரைத்தேன்.

ஜூலை 4, திங்கள்

இன்று டீச்சர் ஒரு குண்டைப் போட்டார். ஆடி மாதம் டிரஸ்ட் அம்மா நேரில் வரப்போகிறாராம். நம்மில் ஒருத்தி அவர் முன்னால் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். அவருக்குத் திருப்தியாக இருந்தால் வகுப்பு இன்னும் ஒரு வருடம் நடக்கும். இல்லையென்றால் இதைத் தூக்கி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பேப்பரெல்லாம் ஜனாதிபதித் தேர்தல் செய்தியாக இருப்பதால், 'நம் ஜனாதிபதி எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார்' என்பதுதான் தலைப்பு.

யார் பேசுவது என்று டீச்சர் கேட்டு முடிக்கும் முன்பே முதல் மேசை முழுவதும் இன்பராணி அக்காவைப் பார்த்தது. அக்காவும் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். வீட்டுக்காரர் வங்கி மேலாளர், டெல்லியில் மூன்று வருடம் இருந்தவர்கள். தெருவில் போகிற நாயைக்கூட 'கோ, கோ' என்றுதான் விரட்டுவார்.

தையல் மேசையிலிருந்து முத்துப்பேச்சி எழுந்தாள். "எப்பப் பாத்தாலும் எல்லாத்துக்கும் அவுகதானா? நாங்க என்ன, ஊறுகாயா?" என்றாள். சத்தம் கிளம்பியது. டீச்சருக்கு இருபத்தாறு வயதுதான், நல்லவர், சத்தம் கேட்டாலே கண் கலங்கிவிடும். "சரி, ஜனாதிபதியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்களோ, அப்படியே நாமும் தேர்ந்தெடுப்போம்" என்று சொல்லிவிட்டார். பாவம், அந்தப் பிள்ளைக்கு நம் ஜனங்களைத் தெரியாது.

ஜூலை 6, புதன்

பாடம் நடந்தது. நாம் எம்.எல்.ஏ., எம்.பி.க்களுக்கு ஓட்டுப் போடுகிறோம். அவர்கள் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுகிறார்கள். நாம் நேராகப் போட முடியாது. டீச்சர் இதைப் பலகையில் அம்புக்குறி போட்டு ஆங்கிலத்தில் மூன்று தடவை விளக்கினார்.

"நாம போடலன்னா அது என்ன எலெக்‌ஷன் டீச்சர்?" என்று மிட்டாய்க் கம்பெனிக் குருவம்மா கேட்டாள். ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னார் டீச்சர். "வீ நோ ஓட்டு. ஒய்?" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒவ்வொரு எம்.எல்.ஏ. ஓட்டுக்கும் ஒரு மதிப்பாம். பெரிய மாநிலம் என்றால் அதிகம், சின்ன மாநிலம் என்றால் குறைச்சல். நம் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வின் ஓட்டுக்கு மதிப்பு நூற்று எழுபத்தாறு. சிக்கிம்காரருக்கு வெறும் ஏழு. அதேபோல இங்கே மேசைக்கு ஒரு எம்.எல்.ஏ., அவள் ஓட்டுக்கு மதிப்பு அந்த மேசையில் எத்தனை பேரோ அத்தனை. எல்லாரும் பத்து, ஏழு, நாலு, ஒன்பது என்று எண்ணிப் பார்த்தார்கள்.

இன்னொரு விசேஷமும் உண்டு. ஓட்டுச் சீட்டில் முதல் விருப்பம் யார், இரண்டாவது விருப்பம் யார் என்று எண் போட வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை என்றால் கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு, அவர் சீட்டுகளில் இரண்டாவதாக யார் பெயர் இருக்கிறதோ அவருக்குச் சேர்த்துவிடுவார்கள். "பந்தியில பூரி தீந்துட்டா பொங்கல் வாங்கிக்கிடுத மாதிரி" என்றாள் ராஜாத்தி. டீச்சர் யோசித்துப் பார்த்துவிட்டு "யெஸ்" என்றார்.

எனக்கு முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் இருபது வருடமாக இதுதானே நடக்கிறது. பேங்க், ஆஸ்பத்திரி, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எங்கே போனாலும் எனக்காகப் பேசுகிறவர் என் வீட்டுக்காரர் கோமதிநாயகம்தான். நல்ல மனுஷர். லாரி புக்கிங் ஆபீசில் நாள் முழுவதும் போனில் பேசிப் பேசி, என் வாயையும் சேர்த்து அவரே பேசப் பழகிவிட்டார்.

ஜூலை 7, வியாழன்

இரண்டாவது விருப்பம் புரிய வேண்டுமென்றால் மூன்று வேட்பாளராவது வேண்டும் என்றார் டீச்சர். இன்பராணி அக்கா ஒன்று, முத்துப்பேச்சி இரண்டு. மூன்றாவதாக யாரும் நிற்கவில்லை. எங்கள் மேசையில் ராஜாத்தி எழுந்து, "எங்க வல்லிய நிறுத்துங்க டீச்சர். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் மேசைக்கு எம்.எல்.ஏ. ராஜாத்தி. தையல் மேசைக்குச் சுடர்மணி, மிட்டாய் மேசைக்குக் குருவம்மா, முதல் மேசைக்கு இன்பராணி அக்காவின் எதிர்வீட்டுக்காரி. மிட்டாய் மேசை முத்துப்பேச்சி பக்கம் என்பது ஊரறிந்தது. அவர்கள் மேல் வெல்லப்பாகு வாசனை அடிக்கிறது என்று இன்பராணி அக்கா ஒரு நாள் மூக்கைப் பொத்தினார், அதை அவர்கள் மறக்கவில்லை.

ஜூலை 9, சனி

சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். சும்மா பத்து, ஏழு, நாலு, ஒன்பது என்று குவித்து வைத்துப் பார்த்தேன். ஏழும் நாலும் முத்துப்பேச்சிக்குப் பதினொன்று. இன்பராணி அக்காவுக்குப் பத்து. எனக்கு ஒன்பது. ஆக நான்தான் முதலில் வெளியே போவேன். என் ஒன்பது வெங்காயம் எந்தக் குவியலில் விழுகிறதோ அவர்கள் ஜெயிப்பார்கள்.

அப்புறம் அந்த நாலை எடுத்து இன்பராணி அக்கா பக்கம் தள்ளிப் பார்த்தேன். பதினாலு, ஏழு, ஒன்பது. அட.

"வெங்காயத்த வச்சுக்கிட்டு என்ன பல்லாங்குழியா ஆடுத?" என்று கேட்டார் இவர். "அளவு பாக்கேன்" என்றேன். சாம்பார் நன்றாக வந்தது.

ஜூலை 11, திங்கள்

ராஜாத்திக்கு நல்ல காலம். என் ஒன்பது யாருக்குப் போகும் என்பது அவள் எழுதும் இரண்டாவது விருப்பத்தில் இருக்கிறது என்று இரண்டு கோஷ்டிக்கும் தெரிந்துவிட்டது. நேற்று முத்துப்பேச்சி வீட்டில் அவளுக்குப் பிரியாணி, இன்று இன்பராணி அக்கா வீட்டில் பால்கோவா. இரண்டு இடத்திலும் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். "எனக்கு என்னக்கா, நாக்கு ஒண்ணுதான், வயிறும் ஒண்ணுதான்" என்கிறாள்.

சாயங்காலம் சுடர்மணி கடைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனேன். கை கொஞ்சம் இறக்கமாக வைக்கச் சொன்னேன். பேச்சுவாக்கில், "ரெண்டாவது ஓட்டு இன்பராணிக்காவுக்காடி?" என்று கேட்டேன்.

"அதுக்கு என் கைய வெட்டிக்கிடுவேன்" என்றாள். கையில் கத்தரிக்கோல் வேறு.

"காலியா விடக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிருக்காங்களே."

"அப்ப உங்களுக்குப் போட்டுட்டுப் போறேன். நீங்க யாருக்கு என்ன கெடுதல் பண்ணீங்க?"

அது அவள் இஷ்டம். நான் ஜாக்கெட்டுக்குத்தான் போனேன்.

ஜூலை 14, வியாழன்

கோவிலில் இன்பராணி அக்காவைப் பார்த்தேன். தற்செயலாகத்தான். அவர் வியாழக்கிழமை ஆறு மணிக்குத் தவறாமல் வருவார் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. முகம் வாடியிருந்தது. ராஜாத்தியை நம்ப முடியவில்லை என்றார். நம்ப முடியாதுதான் என்று தலையாட்டினேன்.

பிரகாரம் சுற்றும்போது சீசனைப் பற்றிப் பேச்சு வந்தது. குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். "நம்ம குருவம்மாவுக்குக் குத்தாலம்னா உசுருக்கா. பாவம், மிட்டாய்க் கம்பெனில லீவு கிடைக்காம அவ போயி ஏழெட்டு வருசமாச்சு" என்றேன். அக்கா சட்டென்று நின்றார். பிறகு ஒரு சுற்றுக் குறைத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்பான சாமி. நன்றாகக் கும்பிட்டேன்.

ஜூலை 15, வெள்ளி

கேஸ் தீர்ந்தது. புது சிலிண்டர் வந்தது. வேறு விசேஷம் இல்லை.

ஜூலை 17, ஞாயிறு

ஆடி ஒன்று. குருவம்மாவைக் காணோம் என்று முத்துப்பேச்சி தெருத்தெருவாகத் தேடினாள். குருவம்மாவின் வீட்டுக்காரரிடம் கேட்டால், "பெரிய வீட்டம்மா கார்ல வந்து கூட்டிட்டுப் போனாக. ரெண்டு நாள் ரூம் போட்டிருக்காகளாம். காலைல ஓட்டுக்கு நேரா வந்துருவா" என்று பெருமையாகச் சொன்னாராம். அந்த வீட்டில் அவர் மட்டும் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முத்துப்பேச்சி என் வீட்டு வாசலில் நின்று அரைமணி நேரம் வைதாள். "குளிக்கப் போறதுக்கு ஓட்ட விப்பாளா ஒருத்தி?" என்றாள். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி வைதாள்.

ஜூலை 18, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

குருவம்மா காரிலிருந்து இறங்கினாள். தலைமுடி இன்னும் ஈரம், முகத்தில் அப்படி ஒரு களை. முத்துப்பேச்சி பக்கம் திரும்பாமல் நேராகப் போய் ஓட்டுப் போட்டாள். நான்கு சீட்டும் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியில் விழுந்தன. டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார்.

முதல் விருப்பம்: இன்பராணி பதினாலு. செண்பகவல்லி ஒன்பது. முத்துப்பேச்சி ஏழு.

முதல் மேசை கைதட்டியது. "பதினாறு வேணும்" என்றார் டீச்சர். "பாதி பதினைந்து. அதற்கு மேல் ஒன்று." கடைசியில் இருப்பவரை நீக்க வேண்டும். கடைசியில் இருந்தது நான் இல்லை, முத்துப்பேச்சி. யாருமே இதை யோசித்திருக்கவில்லை. சுடர்மணியின் சீட்டைத் திருப்பி இரண்டாவது விருப்பத்தைப் பார்த்த டீச்சரின் கண்கள் விரிந்தன. அந்த ஏழு எனக்கு வந்தது.

பதினாறு.

பிரியாணி தின்ற ராஜாத்தியின் இரண்டாவது விருப்பத்தை யாரும் பார்க்கவே இல்லை. இன்பராணி அக்கா குருவம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் நான் முதல் சுற்றிலேயே போயிருப்பேன். அக்கா செலவு செய்து அழைத்துக்கொண்டு போனதால்தான் முத்துப்பேச்சி என்னைவிடக் கீழே போனாள். இதைப் புரிந்துகொள்ள முதல் மேசைக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எனக்கும்தான்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "கங்க்ராஜுலேஷன்ஸ், செண்பகவல்லி. சே சம்திங்" என்றார் டீச்சர். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

ஜூலை 19, செவ்வாய்

இன்று பூராவும் ராஜினாமா பேச்சுத்தான். இன்பராணி அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "வல்லி, இது வெளயாட்டு இல்லம்மா. உன்னால வாய் தொறக்க முடியல. வகுப்பே போயிரும். நீயா விலகிட்டா உனக்கும் மரியாத" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. டீச்சரும் தரையைப் பார்த்தார்.

முத்துப்பேச்சிதான் மேசையைத் தட்டினாள். "எங்க ஏழு ஓட்ட வாங்கிட்டு வெலகிருவியாக்கா? போட்டது போட்டதுதான். நீ பேசுத. திக்குனாலும் பேசுத" என்றாள்.

வெளியே செருப்பு மாட்டும்போது இன்பராணி அக்கா என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "ஏம்மா, குருவம்மாவுக்குக் குத்தாலம்னா உசுருன்னு எனக்கு யாரு சொன்னா?"

"தெரியலயேக்கா" என்றேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "உனக்கு எதுக்கு இந்த வம்பு? நான் வந்து அந்த டீச்சர்ட்ட பக்குவமாப் பேசி மாத்திவிடுதேன்" என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. வேண்டாம் என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று அவர் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஜூலை 22, வெள்ளி

ஆடியில் முகூர்த்தம் கிடையாது, அதனால் தினமும் வகுப்பு. வீட்டில் குக்கர் முன்னால் நின்று பேசிப் பழகுகிறேன். 'ரெஸ்பெக்டட் மேடம்' என்றால் விசில் அடிக்கிறது.

ஜூலை 26, செவ்வாய்

டீச்சர் எழுதிக்கொடுத்த பேச்சு மனப்பாடம் ஆகமாட்டேன் என்கிறது. அதில் வரும் சொற்களை என் வாய்க்குத் தெரியாது. 'கான்ஸ்டிட்யூஷன்' என்று சொல்லி முடிப்பதற்குள் அரிசி வெந்துவிடுகிறது. மனப்பாடம் செய்யாமல் எனக்குப் புரிந்த விதத்தில் சொன்னால் என்ன என்று தோன்றியது. டீச்சரிடம் எழுதிக் காட்டிக் கேட்டேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு என் தோளைத் தொட்டு, "இதையே சொல்லுங்க" என்றார்.

இன்பராணி அக்காகூட இன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்தச் சொல்லை எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். கோபம் இருக்கிறது, ஆனால் வகுப்புப் போய்விடக் கூடாதே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

ஜூலை 28, வியாழன்

ஆடி அமாவாசை. வடை, பாயசம். பேசிப் பழகவில்லை.

ஆகஸ்ட் 1, திங்கள்

நாளைக்கு டிரஸ்ட் அம்மா வருகிறார். குடும்பத்தாரும் வரலாமாம். இவர் லீவு போட்டுவிட்டார். "பயப்படாத. நீ திக்குனா நான் பின்னால இருந்து எடுத்துக் குடுத்துருவேன்" என்கிறார். சட்டை இஸ்திரி போட்டு வைத்தேன், அவருடையதும் என் சேலையும்.

எனக்கு ஆசை இல்லை என்று இதுவரை எழுதிவந்திருக்கிறேனா என்று திருப்பிப் பார்த்தேன். அப்படி எங்கும் எழுதவில்லை. அதுவரைக்கும் நல்லது.

ஆகஸ்ட் 2, செவ்வாய்

டிரஸ்ட் அம்மா என்றால் பட்டும் நகையுமாக இருப்பார் என்று நினைத்தேன். பருத்திப் புடவை, நரைத்த முடி, கழுத்தில் கண்ணாடியைச் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்தார். நான் எழுந்து போனேன். கடைசி வரிசையில் இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, எனக்கு முன்பே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

'ரெஸ்பெக்டட் மேடம்' என்றேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. முத்துப்பேச்சி அடிக்குரலில் "ஏழு ஓட்டு" என்றாள்.

வந்துவிட்டது. என் ஆங்கிலத்தில் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன், அதில் இருந்த தப்புகளை நீக்கிவிட்டு.

மேடம், எங்கள் வீட்டில் நான்தான் மக்கள். என் கணவர் எம்.எல்.ஏ. நான் அவரைத் தேர்ந்தெடுத்தேன், அதாவது என் அப்பா தேர்ந்தெடுத்தார், அதுவும் மறைமுகத் தேர்தல்தான். பேங்க்கில் எனக்காக அவர் பேசுவார். கடையில் எனக்கு எந்தக் கலர் பிடிக்கும் என்று அவர் சொல்வார். ஜனாதிபதித் தேர்தலும் இப்படித்தான். மக்கள் பேச மாட்டார்கள், மக்கள் அனுப்பியவர்கள் பேசுவார்கள். நல்ல எம்.எல்.ஏ. என்றால் மக்களிடம் கேட்டுவிட்டுப் பேசுவார். என் எம்.எல்.ஏ. ரொம்ப நல்லவர். ஆனால் எனக்கு அடிக்கடி வயிறு வலிக்கும், டாக்டரிடம் போனால் 'வலது பக்கம் வலிக்கிறது' என்று அவர் சொல்லிவிடுவார். எனக்கு வலிப்பது இடது பக்கம்.

கூடமே சிரித்தது. டிரஸ்ட் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போது பின்னாலிருந்து நாற்காலி நகரும் சத்தம். இவர் எழுந்து நின்றுவிட்டார். "நோ நோ, மேடம்! ரைட் சைட்! ரைட் சைட் ஒன்லி!"

எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். என் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"சார், ப்ளீஸ் சிட் டவுன்" என்றேன். "நவ் ஐ ஆம் எலெக்டட்."

அவர் உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்து அவர் ஒரே சொல்லுக்கு உட்கார்ந்தது அப்போதுதான். குருவம்மா விசில் அடித்தாள். மீதிப் பேச்சில் பத்து, ஏழு, நாலு, ஒன்பதைச் சொல்லி, இரண்டாவது விருப்பத்தைச் சொல்லி முடித்தேன். டிரஸ்ட் அம்மா எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அடுத்த வருடமும் வகுப்பு இங்கேயேதான் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். டீச்சர் அழுதார். இன்பராணி அக்கா எனக்குத்தான் முதலில் கேசரி எடுத்து வைத்தார்.

பைக்கில் வரும்போது இவர் பேசவே இல்லை. கோபமோ என்று நினைத்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பாமலே கேட்டார்.

"நெசமாவே இடது பக்கமா?"

"இடது பக்கந்தான்."

"இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"நீங்க அதுக்குள்ள சொல்லி முடிச்சிருவீங்க."

ரயில் போனது. கேட் திறந்தும் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்காமல் நின்றார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"நாளைக்கு டாக்டர்ட்ட போவோம்" என்றார். "நீ உள்ள போயிச் சொல்லு. நான் வெளிய உக்காந்திருக்கேன்."